சுவர்ணா மச்சாளின் மூக்கு

காய்ச்சல் விட்ட பிறகு பெர்னடெட் முதன்முதலாகப் போட்ட தேத்தண்ணிக்கு மணம் இருக்கவில்லை.

தேயிலையில்தான் குறை என்று நினைத்தாள். தான் படுத்துக் கிடந்த நாட்களில் யாரோ தேயிலைப் பேணியைச் சரியாக மூடாமல் விட்டிருக்க வேண்டும். யாரோ என்றால் ஜெறோம்தான். மகன் பேராதனையில் படித்துக்கொண்டிருந்தான். வீட்டில் புருசனும் அவளும் மட்டுமே. கோப்பையில் இருந்தது தோடம்பழத்தின் ஆரஞ்சுத் தோலும் கறுவாப்பட்டையும் சேர்த்த இலைத் தேயிலை. அவளுடைய கலவைகளில் எல்லோரும் கேட்டு வாங்குவது அதைத்தான். நிறம் நன்றாக இறங்கியிருந்தது. வாயில் வைத்தால் சூடு தெரிந்தது, துவர்ப்பு தெரிந்தது, கடைசியில் லேசான கைப்பும் தெரிந்தது. ஆனால் அது வெறும் சுடுதண்ணீரில் தோய்த்த துணியைச் சூப்புவது போல இருந்தது.

அடுத்த பேணியைத் திறந்தாள். அதற்கடுத்ததையும் திறந்தாள். இஞ்சி, ஏலக்காய், ரோசாப்பூ இதழ் என்று மேசை முழுக்க மூடிகள் பரவின. பிறகு அலுமாரியிலிருந்து கராம்புப் போத்தலை எடுத்து ஒன்றைக் கடித்தாள். நாக்கு விறைத்தது. அவ்வளவுதான். பின்வளவுக்குப் போய், ஜெறோம் கடலுக்குப் போட்டுப் போன சேட்டை வாளியிலிருந்து எடுத்து முகத்தில் வைத்து இழுத்தாள். உப்பும் டீசலும் மீன் செதிலும் ஊறிய சேட்டு. கன்னத்தில் ஈரம் பட்டது. வேறொன்றும் இல்லை.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. சேட்டை மடியில் வைத்துக்கொண்டு வாளிக்குப் பக்கத்தில் அப்படியே குந்தியிருந்துவிட்டாள்.

கலியாணத்துக்கு முன் பெர்னடெட் கொழும்பில் ஒரு தேயிலைக் கடையில் வேலை செய்தவள். உல்லாசப் பயணிகளுக்கு அழகான பெட்டிகளில் தேயிலை விற்கும் கடை. மேல்மாடியில் வரிசையாக வெள்ளைக் கோப்பைகளை வைத்து ருசி பார்ப்பார்கள். கரண்டியால் அள்ளி, உறிஞ்சும் சத்தம் அறை முழுக்கக் கேட்க, மூக்குக்கும் நாக்குக்கும் ஒரே நேரத்தில் காற்றோடு இழுக்க வேண்டும். அது அவளுக்குச் சுலபமாக வந்தது. பிறகு யாழ்ப்பாணக் கரையோரத்துக் குருநகரில் வாழ்க்கைப்பட்டு, தூள் தேயிலையும் ரின்பாலும் சீனியும் போட்ட தேத்தண்ணியைப் பல வருடம் குடித்தாள். மகன் படிக்கப் போய் வீடு வெறுமையான பிறகுதான் மலையகத்தில் அட்டனில் இருந்த பழைய சிநேகிதியைக் கூப்பிட்டு, பஸ்ஸில் இலைத் தேயிலை அனுப்பச் சொன்னாள். தோடம்பழத் தோலை வெயிலில் காயவைத்து நறுக்கினாள். இஞ்சியைச் சீவி உலர்த்தினாள். முதலில் தனக்காகத்தான் செய்தாள். ஞாயிறு பூசை முடிந்து வரும் பெண்கள் ஒரு கோப்பை குடித்துவிட்டு, "எங்களுக்கும் கொஞ்சம் கட்டித் தாருங்கோ" என்றார்கள். அப்படியே வளர்ந்துவிட்டது.

ஜெறோமுக்கு அதில் ஈடுபாடில்லை. "உதென்ன, தேத்தண்ணிக்குள்ளை பூந்தோட்டம்" என்று ஒருமுறை சொன்னான். இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்ரீதான் அவனுக்கு. ஆனால் தோல் காயவைக்கக் கூரையில் வலை கட்டிக் கொடுத்தவன் அவன்தான்.

ஆஸ்பத்திரியில் மூக்கைப் பார்த்த டொக்டர் சின்ன வயதுக்காரர். சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"மூக்கிலை ஒரு பிழையும் இல்லை அம்மா. காய்ச்சல் மண நரம்பிலை பிடிச்சிருக்கு. கராம்பு, தேசிக்காய்த் தோல், ரோசாப்பூ, யூகலிப்டஸ் தைலம். இந்த நாலையும் காலமையும் பின்னேரமும் ஒவ்வொண்டா மணந்து பாருங்கோ. மணக்காட்டிலும் விடாதேங்கோ. அந்த மணத்தை நினைச்சுக்கொண்டு இழுங்கோ."

"எப்ப வரும் டொக்டர்?"

"சிலபேருக்கு ஒண்டிரண்டு கிழமையிலை வரும். சிலபேருக்கு மாதக்கணக்கு."

"வராமலே போகுமோ?"

"முழுசா வராமல் போறதும் இருக்கு."

வீட்டுக்கு வந்து ஜெறோமிடம் மட்டும் சொன்னாள். வேறு யாருக்கும் சொல்ல வேண்டாம் என்றாள். அதற்குக் காரணம் இருந்தது. காய்ச்சலுக்கு முந்தின கிழமை வட்டுக்கோட்டையிலிருந்து ஜெயகௌரி என்றொரு பெண் வந்து போயிருந்தாள். வங்கி வேலையை விட்டுவிட்டு, தகப்பனுடைய பழைய பெரிய வீட்டைத் திருத்தி வெளியூர்க்காரர் வந்து தங்கும் விடுதியாக மாற்றிக்கொண்டிருந்தாள். தை மாதத்தில் திறப்பு. வருகிறவர்களுக்குக் கொடுக்க அந்த வீட்டுக்கென்றே ஒரு தேத்தண்ணி வேண்டும் என்றாள். முற்றத்தில் மல்லிகைப் பந்தல் இருக்கிறதாம். அதனால் மல்லிகைத் தேத்தண்ணிதான் வேண்டுமாம். "ஆனா கோயிலுக்குள்ளை நிண்டு குடிக்கிற மாதிரி இருக்கக் கூடாது அக்கா. மெல்லிசா வரவேணும்" என்றாள். மார்கழியில் ருசி பார்க்க வருவதாகச் சொல்லிப் போனாள்.

மல்லிகைத் தேயிலை மற்றதுகளைப் போலக் கலந்து முடிக்கிற விசயமில்லை. மாலையில் விரியப்போகும் மொட்டுகளைத் தேயிலையோடு அடுக்கி மூடி வைக்க வேண்டும். பூ விரிந்து மணத்தை இலைக்குக் கொடுத்ததும் பூவை எடுத்துவிட்டுப் புதுப் பூ போட வேண்டும். எப்போது எடுப்பது என்பதை மூக்குத்தான் சொல்லும். பிந்தினால் பூ வாடிய நாற்றத்தை இலை பிடித்துக்கொள்ளும்.

பெர்னடெட் ஜெறோமின் மூக்கை நம்பிப் பார்த்தாள். கடலால் வந்து குளித்துவிட்டுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவன் முன்னால் இரண்டு கோப்பைகளை வைத்தாள்.

"என்ன மணக்குது?"

"தேத்தண்ணி."

"தேத்தண்ணிக்குள்ளை என்ன மணக்குது எண்டு கேக்கிறன்."

ஜெறோம் கோப்பையைத் தூக்கி இன்னொருதரம் முகர்ந்தான். "நல்ல தேத்தண்ணி."

"மல்லிகை வருதோ?"

"வாற மாதிரித்தான் கிடக்கு."

"மற்றக் கோப்பையிலை கூடவோ குறையவோ?"

அவன் இரண்டையும் மாறி மாறி முகர்ந்தான். நெற்றி சுருங்கியது. உண்மையிலேயே முயற்சி செய்தான். "கடலிலை காத்து மாறினால் மணத்திலையே சொல்லிப்போடுவன். உது எனக்கு ரெண்டும் ஒண்டுதான். கோவிக்காதை."

அவள் கோவிக்கவில்லை. கோப்பைகளை எடுத்துக் கழுவி வைத்தாள். அதன் பிறகு பழைய அளவுகளை ஞாபகத்திலிருந்து எடுத்துத்தான் வேலை செய்தாள். மாரி காலம், மல்லிகை குறைவு. கிடைத்த மொட்டுகளிலும் மழைத்தண்ணீர் ஏறியிருந்தது.

மதிலுக்கு மற்றப் பக்கம் சுவர்ணாவின் வீடு. சுவர்ணா ஜெறோமின் மூத்த அக்கா. ஒரே காணியை இரண்டாகப் பிரித்துக் கட்டிய வீடுகள் என்பதால் இரண்டு குசினிகளும் மதிலுக்கு இரு புறமும் முதுகோடு முதுகாக நின்றன. இந்தப் பக்கம் மீன் பொரித்தால் அந்தப் பக்கம் தெரியும். சுவர்ணாவின் மூக்கு அந்தக் குடும்பத்தில் பேர்போனது. தாய் உயிரோடிருந்த காலத்திலேயே, வாசல் படலைக்குள் வந்த மீனைப் பார்க்காமல் சுவர்ணா இது இன்றைய மீனோ நேற்றைய மீனோ என்று சொல்வாள் என்று ஜெறோம் சொல்லுவான்.

ஆனால் பெர்னடெட்டுக்கும் சுவர்ணாவுக்கும் பல வருடமாகக் கதை இல்லை. சுவர்ணாவின் மகள் ஷெரோனை ஒரு நாள் பொம்பிளை பார்க்க வந்திருந்தார்கள். அன்றைக்குப் பார்த்து பெர்னடெட்டின் கூரையில் கருவாடு காய்ந்தது. காற்றும் அந்தப் பக்கம் அடித்தது. சம்பந்தம் குழம்பிப் போனது. கருவாட்டு நாற்றத்தால்தான் குழம்பியது என்று சுவர்ணா ஒழுங்கையில் நின்று நாலு பேர் கேட்கச் சொன்னாள். "குருநகரிலை கருவாடு மணக்காமல் பன்னீரோ மணக்கும்?" என்று பெர்னடெட் திருப்பிக் கேட்டாள். அதோடு பேச்சு நின்றது. பிறகு ஷெரோனுக்கு மன்னாரில் நல்ல இடத்தில் கலியாணம் நடந்தது. அதற்கு ஜெறோம் தனியாகப் போய் வந்தான். தலையிடி என்று பெர்னடெட் வீட்டில் இருந்துகொண்டாள். கோபத்தின் காரம் எப்போதோ போய்விட்டது. முதலில் வாய் திறப்பது யார் என்பதுதான் மிச்சமாக இருந்தது.

மழை விட்டிருந்த ஒரு காலை, பெர்னடெட் கேத்திலை காஸ் அடுப்பில் வைத்துவிட்டு உள் அறையில் மொட்டு ஆய உட்கார்ந்தாள். குசினி யன்னல் வழியாக வாடைக்காற்று அடித்து அடுப்பு நெருப்பை அணைத்தது. அவளுக்கு அது தெரியவில்லை. தண்ணீர் இன்னும் கொதிக்கவில்லையே என்று ஒருதரம் நினைத்தாள். கையிலிருந்த மொட்டுகளை முடித்துவிட்டுப் போகலாம் என்று இருந்தாள். தலை கொஞ்சம் பாரமாக இருந்தது. காய்ச்சலின் மிச்சம் என்று எண்ணிக்கொண்டாள்.

பின்கதவு படாரென்று திறந்த சத்தம் கேட்டது. யாரோ குசினிக்குள் ஓடினார்கள். மூடியிருந்த மற்ற யன்னல்கள் ஒவ்வொன்றாக அடிபட்டுத் திறந்தன. பெர்னடெட் எழுந்து போனபோது சுவர்ணா அடுப்படியில் நின்றாள். ஒரு கையால் சேலைத் தலைப்பை மூக்கில் பிடித்திருந்தாள். மற்றக் கை சிலிண்டரின் திருகில் இருந்தது.

"லைற்றைப் போடாதை. வெளியிலை வா."

பெர்னடெட் வெளியில் வந்தாள். இருவரும் கிணற்றடியில் நின்றார்கள். சுவர்ணாவுக்கு மூச்சு வாங்கியது. ஐம்பது தாண்டிய, கொஞ்சம் பருத்த உடம்பு. ஒழுங்கையைச் சுற்றி ஓடி வந்திருந்தாள். காலில் செருப்பு இல்லை.

"வீடு முழுக்க காஸ். மதிலுக்கு அங்காலை எனக்கு மணக்குது. உள்ளுக்கை இருக்கிற உனக்கு மணக்கேல்லையோ?"

பெர்னடெட் திறந்து கிடந்த குசினி யன்னலைப் பார்த்தாள்.

"உன்னட்டைத்தான் கேக்கிறன். மணக்கேல்லையோ?"

"இல்லை மச்சாள்" என்றாள் பெர்னடெட். "காய்ச்சலோடை போட்டுது. ஒண்டும் மணக்கிறதில்லை."

சுவர்ணா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "காத்துப் போகட்டும். இப்போதைக்கு அடுப்பு மூட்டாதை" என்று சொல்லிவிட்டு, ஈரத் தரையில் காலைப் பார்த்து வைத்து வைத்துப் படலைப் பக்கமாகப் போனாள்.

அவள் போன பிறகு பெர்னடெட் படலையைச் சாத்திவிட்டு வந்தாள். கிணற்றுக்கட்டில் உட்கார்ந்தாள். தான் ஒரு தீக்குச்சி கிழித்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைத்தாள். பிறகு வேறொன்று நினைவுக்கு வந்தது. இத்தனை வருடத்தில் சுவர்ணா இந்த வளவுக்குள் கால் வைத்தது இன்றைக்குத்தான். ஒரு தயக்கமும் இல்லாமல் மச்சாள் என்று தன் வாயில் வந்ததையும் யோசித்தாள்.

பின்னேரம் ஒரு கோப்பை மல்லிகைத் தேத்தண்ணியைத் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு சுவர்ணாவின் வாசலுக்குப் போனாள். நன்றி சொல்லத்தான் போனாள். சுவர்ணா விறாந்தையில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கோப்பையை வாங்கினாள். குடிக்கவில்லை. முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனதுமே எடுத்துவிட்டாள்.

"இதை ஆருக்குச் செய்தனி?"

"வட்டுக்கோட்டையிலை ஒரு ஆளுக்கு. இன்னும் குடுக்கேல்லை."

"குடுக்காதை. செத்தவீட்டிலை அடுத்த நாள் மாலையெல்லாம் அள்ளிப் போடேக்கை ஒரு மணம் வருமே, அது வருது."

பெர்னடெட்டுக்கு முகம் சுண்டியது. ஆனால் அது சரியாகத்தான் இருக்கும் என்று தெரிந்தது. பூவைப் பிந்தித்தான் எடுத்திருக்கிறாள்.

"நீ வழமையாச் செய்யிறது இப்பிடி இல்லை" என்றாள் சுவர்ணா, அரிசியைப் பார்த்துக்கொண்டே. "தோடம்பழமும் கறுவாவும் போட்டு ஒண்டு செய்வாய். அது நல்லது. நீ கேத்திலைச் சாய்க்கேக்கை எனக்கு இஞ்சை தெரியும். இஞ்சி போடுறதும் பறவாயில்லை. அந்த ரோசாப்பூத்தான் குளிக்கிற சவர்க்காரம் மாதிரி."

"நீங்கள் குடிச்சதேயில்லையே."

"குடிக்க வேணுமோ? உன்ரை குசினி என்ரை மூக்குக்குள்ளையெல்லோ கிடக்கு."

பெர்னடெட் சிரித்துவிட்டாள். சுவர்ணா சிரிக்கவில்லை. ஆனால் சுளகை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பக்கத்துக் கதிரையைக் காலால் தள்ளிவிட்டாள். பெர்னடெட் உட்கார்ந்தாள்.

அதன் பிறகு காலைச் சமையல் முடிந்ததும் சுவர்ணா மதிலோரமாக வந்து, "பெர்னடெட், என்ன வைச்சிருக்கிறாய்?" என்று கேட்பாள். பெர்னடெட் கோப்பையை மதிலுக்கு மேலால் கொடுப்பாள். சில நாட்களில் அதுவும் சிரமமாகி, சுவர்ணா படலையால் சுற்றி வந்து குசினி வாங்கில் உட்காரத் தொடங்கினாள்.

வேலை இப்படிப் பிரிந்தது. பெர்னடெட் நாக்கால் பார்த்தாள். துவர்ப்பு எவ்வளவு, கைப்பு எங்கே தொடங்குகிறது, தண்ணீர் கூடக் கொதித்துவிட்டதா, இலை கூட நேரம் ஊறிவிட்டதா என்பதெல்லாம் அவளுக்கு இப்போதும் தெரிந்தது. மணத்தைச் சுவர்ணா சொன்னாள். அவள் சொல்லும் விதம் கொழும்புக் கடையில் கேட்ட விதமாக இருக்கவில்லை. "இது பள்ளிக்கூடத்துப் புதுக் கொப்பித் தாள்", "இது மழை பெய்ஞ்ச கையோடை மணல்", "இது கோயிலுக்குப் போற பஸ்" என்பாள். முதலில் பெர்னடெட்டுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கோயிலுக்குப் போகிற பஸ் என்றால் பூவும் வியர்வையும் தேசிக்காயும் என்று கேட்டுக் கேட்டுத்தான் கண்டுபிடித்தாள். அதற்குப் பிறகு அந்தப் பாசை அவளுக்குப் பழகிவிட்டது. டொக்டர் சொன்ன நாலு மணங்களையும் சுவர்ணாதான் பிடித்து நீட்டினாள். "இழு. இது கராம்பு. உன்ரை கலியாணத்தண்டு கேக்குக்குள்ளை போட்ட கராம்பு" என்பாள். பெர்னடெட் இழுப்பாள். ஒன்றும் வராது. போத்தலை மூடிவிட்டு அடுத்ததை எடுப்பார்கள்.

கருவாட்டுக் கதை ஒரு நாள் வரத்தான் செய்தது.

"நீ அண்டைக்கு அந்தக் கருவாட்டை இறக்கியிருந்தால் சம்பந்தம் குழம்பியிராது" என்றாள் சுவர்ணா, ஏலக்காய் உடைத்தபடி.

"வந்தவை பாசையூர் ஆக்கள். அவையின்ரை வீட்டுக் கூரையிலும் கருவாடுதான் மச்சாள் காய்ஞ்சது."

"தங்கடை கருவாடு வேறை, மற்றவையின்ரை கருவாடு வேறை."

"அவைக்கு வேறை இடத்திலை பேச்சு நடந்தது. அது ஊருக்கே தெரியும்."

"கருவாட்டாலைதான் போனது."

"இல்லை."

"ஓம்."

ஜெறோம் வாசல் வரை வந்தவன் இதைக் கேட்டுவிட்டு அப்படியே திரும்பிப் போனான். மறுபடி தொடங்கிவிட்டது என்று பயந்திருப்பான். ஆனால் கொஞ்ச நேரத்தில் சுவர்ணா ஒரு கோப்பையை முகர்ந்து, "இதுக்குக் கறுவா காணாது" என்றாள். பெர்னடெட் கறுவாவை எடுத்து நறுக்கினாள். அந்த வழக்கில் இருவரும் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை.

மார்கழியில் ஜெயகௌரி வந்தாள். பெர்னடெட் தொலைபேசியில் கேட்டிருந்தபடி தன் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரையும் ஒரு பெரிய போத்தலில் கொண்டுவந்திருந்தாள். ஜெயகௌரி சைவக்காரி என்பதால் சுவர்ணா முதல் நாளே குசினியைத் தேய்த்துக் கழுவி, கருவாட்டுப் பேணியைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தாள்.

சுவர்ணா சொன்ன நேரத்தில் பூ எடுத்துப் புதிதாகச் செய்த ஒரே மல்லிகைத் தேயிலையைப் பெர்னடெட் இரண்டு கோப்பையில் ஊற்றினாள். ஒன்று கடையில் வாங்கிய போத்தல் தண்ணீர், மற்றது வட்டுக்கோட்டைக் கிணற்றுத் தண்ணீர். முதலாவது தேன் நிறத்தில் தெளிவாக நின்றது. இரண்டாவது கறுத்து மங்கலாகி, மேலே மெல்லிய ஆடை போல ஏதோ படர்ந்தது.

"எங்கடை தண்ணி ஊரிலையே நல்ல தண்ணி எண்டு சொல்லுவினம்" என்றாள் ஜெயகௌரி.

"குடிக்க நல்ல தண்ணிதான். சுண்ணாம்பு கூட. தேயிலைக்கு அது ஆகாது. மந்தமாக்கிப் போடும். குடிச்சுப் பாருங்கோ."

ஜெயகௌரி இரண்டையும் குடித்தாள். கிணற்றுத் தண்ணீர்க் கோப்பையில் மல்லிகை இருந்த இடமே தெரியவில்லை. அவளுடைய முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. மல்லிகைத் தேத்தண்ணி என்று ஏற்கெனவே பலருக்குச் சொல்லிவிட்டாளாம்.

பெர்னடெட் தோடம்பழமும் கறுவாவும் கலந்ததைக் கிணற்றுத் தண்ணீரில் ஊற்றினாள். அதுவும் கறுத்தது. பிறகு ஒரு தேசிக்காய்த் துண்டை எடுத்து அதற்குள் சில துளி பிழிந்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுப்பு வெளிறிச் செம்பொன் நிறமானது. ஜெயகௌரி கதிரையை முன்னால் இழுத்துக்கொண்டாள். குடித்தாள். இன்னொரு மிடறும் குடித்தாள். பிறகு கோப்பையைப் பெர்னடெட்டின் பக்கம் நீட்டினாள்.

"நல்லா இருக்கக்கா. ஆனா ஏதோ ஒரு பச்சை மணம் வருது. ஏலக்காயோ? நீங்களே மணந்து பாருங்கோ."

பெர்னடெட் கோப்பையைக் கையில் வாங்கினாள். முகர்ந்து பார்த்து ஏதாவது சொல்லலாம். ஏலக்காய்தான் என்று சொன்னாலே போதும். சுவர்ணா வாங்கில் இருந்தபடி அவளையே பார்த்தாள்.

"எனக்கு மணக்காது" என்றாள் பெர்னடெட். "கார்த்திகையிலை காய்ச்சல் வந்தது. அதோடை மணம் போட்டுது. இதுகளை மணந்து சொன்னவ மச்சாள்தான்."

ஜெயகௌரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். மேசையில் இருந்த கோப்பைகளையும் பேணிகளையும் பார்த்தாள். பிறகு சுவர்ணாவைப் பார்த்தாள்.

"போனிலையே சொல்லியிருக்கலாமேயக்கா."

"ஓம். சொல்லியிருக்கலாம். சொன்னால் வரமாட்டியள் எண்டு நினைச்சன்."

"வந்திருக்கமாட்டன்தான்" என்றாள் ஜெயகௌரி.

சுவர்ணா தொண்டையைச் செருமினாள். "அது ஏலக்காய் இல்லைப் பிள்ளை. தோடம்பழத் தோல். இந்த மழைக்கு அரைகுறையாத்தான் காஞ்சது. நானும் காலமை இவவுக்குச் சொன்னனான். பங்குனி வெயிலிலை காஞ்ச தோல் கொஞ்சம் கிடக்கு. அதிலை செய்தால் உந்தப் பச்சை வராது." சற்று நிறுத்தி, "மல்லிகையைச் சித்திரையிலை பாப்பம். இப்பத்தைப் பூவுக்குள்ளை தண்ணிதான் கிடக்கு. அதை இப்ப வாங்கிறது வீண்" என்றாள்.

தன் வியாபாரத்தை மச்சாளே கெடுப்பதாகப் பெர்னடெட்டுக்கு ஒரு கணம் தோன்றியது. ஜெயகௌரி மிச்சத்தையும் குடித்து முடித்தாள். முடிவு ஒன்றும் சொல்லவில்லை. பழைய தோல் போட்டுச் செய்த தேயிலையில் கொஞ்சம் கட்டித் தரும்படி கேட்டாள். வீட்டில் தன் கையாலேயே போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொல்லிப் போனாள்.

அதற்குப் பிறகு சத்தமில்லை. நத்தாரும் வந்தது. பெர்னடெட் கேக்குக்கு முட்டை அடித்தாள், மகன் வந்தான், பாலன் குடில் வைத்தார்கள். தொலைபேசி அடித்த ஒவ்வொரு தடவையும் அவள் கையைத் துடைத்துக்கொண்டு ஓடினாள். ஜெயகௌரி வேண்டாமென்று விட்டிருப்பாள் என்று ஜெறோம் சொன்னான். சுவர்ணா அதற்கு இணங்கவில்லை. "அவள் கோப்பையை அடிமட்டும் குடிச்சவள். வேண்டாதவள் மிச்சம் விட்டிருப்பாள்."

புதுவருடம் பிறந்து கொஞ்ச நாளில் ஜெயகௌரி தொலைபேசி எடுத்தாள். வீட்டில் எல்லோருக்கும் போட்டுக் கொடுத்தாளாம். தகப்பன் மட்டும் மருந்துக் கசாயம் என்று சொல்லிவிட்டாராம். மற்றவர்களுக்குப் பிடித்ததாம். திறப்புக்கு அதையே தரும்படியும், தேசிக்காய்ச் செய்முறையைச் சமையல்காரிக்கு நேரில் வந்து காட்டும்படியும் கேட்டாள். "அந்த மச்சாளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றாள்.

திறப்பன்று இருவரும் ஒரே ஓட்டோவில் போனார்கள். சுவர்ணா நல்ல சேலை உடுத்தியிருந்தாள். மானிப்பாய் தாண்டும் வரை ஓட்டோக்காரன் பூசியிருந்த வாசனைத் தைலத்தைப் பற்றிப் பெர்னடெட்டின் காதுக்குள் முறைப்பட்டுக்கொண்டே வந்தாள். விடுதியில் வந்தவர்களில் பாதிப்பேர் பால் தேத்தண்ணி கேட்டார்கள். இலண்டனிலிருந்து வந்த ஒருவர் கோப்பிதான் வேண்டும் என்றார். மிச்சப்பேர் தோடம்பழத் தேத்தண்ணியைக் குடித்தார்கள். அவர்களில் சிலர் இரண்டாம் தரமும் கேட்டார்கள். குசினி வாசலில் நின்று பெர்னடெட் அவர்கள் முகங்களையே பார்த்தாள். கோப்பையைத் தூக்கியதும் குடிக்க முன்பு ஒரு கணம் நின்றார்கள். மூக்கு முதலில் குடிக்கிற கணம் அது. தனக்கு இப்போது இல்லாதது அது என்று நினைத்தாள். அழுகை வரப் பார்த்தது. பக்கத்தில் நின்ற சுவர்ணா என்ன என்று கேட்கவில்லை. அவள் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டு போய்க் கோப்பைகளைச் சேர்த்தாள்.

மாசி மாதத்தில் மணம் திரும்பத் தொடங்கியது. ஒழுங்காகத் திரும்பவில்லை. முதலில் எங்கும் இல்லாத ஒரு கருகல் மணம் வந்தது. அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று அவள் நாளெல்லாம் ஓடி ஓடிப் பார்த்தாள். கோப்பியோ ரயர் எரிகிற மாதிரி மணத்தது. வெங்காயம் வதக்கினால் வயிற்றைக் குமட்டியது. கராம்பு ஒரு நாள் லேசாக வந்தது, பிறகு போனது, பிறகு வந்து நின்றது. தேசிக்காய்த் தோல் அதற்குப் பின்னால் வந்தது. அப்படி வந்துகொண்டிருப்பது நல்ல அறிகுறி என்றார் டொக்டர். எல்லாம் பழையபடி வருமென்று அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

ஈஸ்டர் முடிந்த ஞாயிறு, பூசைக்குப் போய் வந்து மூன்று பேரும் குசினியில் இருந்தார்கள். பெர்னடெட் ஏலக்காயும் இஞ்சியும் சேர்த்துப் புதிதாக ஒன்று போட்டிருந்தாள். தானே முகர்ந்து பார்த்தாள். கொஞ்சம் வந்தது, மெல்லியதாக, தூரத்தில் யாரோ கதைப்பது போல.

"ஏலக்காய் சரியா இருக்கு" என்றாள்.

"கூடிப்போச்சு" என்றாள் சுவர்ணா.

"எனக்குச் சரியாத்தான் மணக்குது."

"உன்ரை மூக்கு இப்பத்தான் எழும்பி நடக்குது. அதின்ரை கதையைக் கேக்காதை."

"என்ரை மூக்கு கொழும்பிலை படிச்ச மூக்கு மச்சாள்."

"அது காய்ச்சலுக்கு முந்தி."

ஜெறோம் இருவரையும் பார்த்தான். தன் முன்னால் இருந்த கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தான். "நல்ல தேத்தண்ணி" என்றான். இருவருமே அவனைக் கவனிக்கவில்லை. சுவர்ணா பேணியைத் தன் பக்கம் இழுத்து, விரலால் இலையைக் கிளறி, ஏலக்காய்த் துண்டுகளில் கொஞ்சத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வெளியில் வைத்தாள். பெர்னடெட் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கேத்திலில் புதுத் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்தாள்.